இயந்திரக் கண்ணுக்குப் பாடம் சொல்லுதல்

ஒக்கலிபுரத்தை அடுத்துள்ள ஸ்ரீராமபுரம் நிலையத்தில் மெட்ரோ ரயிலின் பச்சை வழித்தடத்தில் ஏறுவோர், ராஜாஜிநகர், எசுவந்தபுரம் ஆகியவற்றைக் கடந்து சிறிது நேரத்தில் பீனியாவை அடைகின்றனர். ஆசியாவின் பெரிய தொழிற்பேட்டைகளுள் ஒன்றாகக் கருதப்படும் இடம் அது. லேத் பட்டறைகள், வார்ப்படச் சாலைகள், முலாம் பூசும் கூடங்கள், ஆயத்த ஆடை அலகுகள் என அங்கே இயங்கும் சிறுதொழில்கள் பல. அவற்றில் உழைப்போரும், அவற்றை நடத்துவோரும் நம் வாடிக்கையாளர்களாக இருக்கின்றனர்.

இத்தொழில்களுக்குப் பொதுவானதோர் அச்சம் உண்டு. அனுப்பிய சரக்கில் சில உருப்படிகள் பழுதானவை என்று தெரிந்தால், வாங்கும் நிறுவனம் அந்தத் தொகுதி முழுவதையும் திருப்பி அனுப்பிவிடுகிறது. போக்குவரத்துச் செலவு, மறு ஆய்வுக் கூலி, தள்ளிப்போகும் பணவரவு ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர, அம்மாதக் கடன் தவணையும் தடுமாறுகிறது. இந்நிலையில், பொருளின் பழுதைக் கேமரா கொண்டு கண்டறியும் கருவிகளை வாங்கக் கடன் கேட்போர் பெருகிவருகின்றனர். கற்பித்தால் கற்றுக்கொள்ளும் ஆற்றல் உடையவை என்று இக்கருவிகள் விற்கப்படுகின்றன. அவை எவ்வாறு கற்கின்றன, எங்கே தவறுகின்றன, எப்போது பயன் தருகின்றன என்பவற்றை இக்கட்டுரையில் படிப்படியாகக் காண்போம்.

மனிதக் கண்ணின் எல்லை

தர ஆய்வு புதிய தொழிலன்று. ஒக்கலிபுரத்துக்கு அருகே, மக்கள் வழக்கில் பின்னி மில் என அறியப்பட்ட ஆலையின் தொடக்கம் 1884-ஆம் ஆண்டைச் சார்ந்தது. அத்தகைய துணி ஆலைகளில், நெய்த துணியை ஒளிமிக்க மேசைமீது ஓடவிட்டுப் பழுது பார்ப்பது தனிப் பணியாகவே இருந்துவந்துள்ளது. இன்றும் ஆடைத் தொழிலில் நான்கு புள்ளி முறை வழக்கில் உள்ளது. 3 அங்குலம் வரை நீளமுள்ள பழுதுக்கு 1 புள்ளி, 6 அங்குலம் வரை 2, 9 அங்குலம் வரை 3, அதற்கு மேல் 4 என்று மதிப்பிடுவர். 100 சதுர கஜத்துக்கு 40 புள்ளிகளுக்கு மேற்பட்டால் அத்துணியைத் தள்ளுவது பரவலான வழக்கம்.

முறை சீரானதாயினும் கண் சோர்வடைகிறது. பிரித்தானிய உளவியலறிஞர் நார்மன் மேக்வொர்த் 1948-இல் வெளியிட்ட ஆய்வு இதனை நன்கு விளக்கிற்று. ஒரு கடிகார முள்ளின் அரிய தாவலைக் கண்காணிக்குமாறு பணித்தபோது, முதல் அரைமணி நேரத்துக்குள்ளேயே ஆய்வில் பங்கேற்றோரின் கவனம் குறையத் தொடங்கியதை அவர் கண்டார். ஆயிரம் நல்ல உருப்படிகளுக்கிடையே எப்போதோ வரும் ஒரு பழுதைத் தேடுவதும் இத்தகைய வேலையே. தவறவிடுவதற்குக் காரணம் அசட்டை அன்று, மனித இயல்பு.

விதி வழிப் பார்வை

இக்குறையை நீக்கவே இயந்திரப் பார்வை தோன்றியது. அமெரிக்காவில் 1981-இல் தொடங்கப்பட்ட காக்னெக்ஸ் நிறுவனம் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. தொடக்ககாலக் கருவிகள் யாவும் விதி வழி இயங்கியவை. துளையின் விட்டம் இவ்வளவு இருத்தல் வேண்டும், விளிம்பு இந்த இடத்தில் இருத்தல் வேண்டும், இப்பகுதியின் ஒளிர்வு இந்த அளவைத் தாண்டலாகாது என்று பொறியாளர் ஒவ்வொரு விதியையும் எழுதிவைப்பார். கேமரா எடுத்த படத்தை அவ்விதிகளோடு கணினி ஒப்பிடும்.

இதற்கு நம் வங்கியிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தரலாம். காசோலையின் அடியில் காந்த மையால் அச்சிடப்பட்டுள்ள 9 இலக்க எண்ணில், முதல் மூன்று நகரத்தையும், அடுத்த மூன்று வங்கியையும், இறுதி மூன்று கிளையையும் குறிக்கின்றன. அவ்விலக்கங்கள் சற்று விநோதமான வடிவில் இருப்பதற்குக் காரணம், இயந்திரம் ஒன்றை மற்றொன்றாக மயங்காமல் படிக்க வேண்டும் என்பதே. அதாவது, இயந்திரத்தின் விதிக்கு ஏற்ப எழுத்தையே மாற்றி அமைத்தோம்.

தொழிற்சாலைப் பொருளை அவ்வாறு மாற்ற இயலாது. எண்ணெய்ப் படலம் மினுங்கும் உலோகப் பரப்பில் ஒரு கீறலும் ஒரு கடைசல் கோடும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். வார்ப்பில் விழும் துளை ஒவ்வொரு முறையும் வேறு வடிவில் விழும். பிசிறு இருக்கும் இடமும் நிலையானதன்று. அனுபவமிக்க தொழிலாளி ஒரே பார்வையில் அறிவதை விதியாக எழுத முற்பட்டால், நூறு விதிகள் எழுதினாலும் நூற்றோராவது உருப்படி அவற்றுக்குள் அடங்காது.

கற்கும் முறை

விதியை எழுதுவதற்கு மாறாக, எடுத்துக்காட்டுகளைக் காட்டி இயந்திரத்தையே விதியைக் கண்டறியச் செய்வது இரண்டாம் வழி. இதன் முதல் பெரும் பயன்களுள் ஒன்றும் வங்கித் துறையிலேயே விளைந்தது என்பது குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் யான் லெகுன் முதலியோர் உருவாக்கிய நரம்பு வலையமைப்பு, 1990-களில் காசோலைகளில் கையால் எழுதிய தொகையைப் படிக்கப் பயன்பட்டது. காந்த மை எண்ணுக்கு விதி போதுமானது. மனிதர் கையெழுத்துக்கோ பயிற்சி தேவைப்பட்டது. பின்னர் 2012-இல் நடந்த படம் அறியும் போட்டியில், ஏறத்தாழ 12 இலட்சம் படங்களைக் கொண்டு பயின்ற ஒரு வலையமைப்பு மற்ற முறைகளைப் பெரும் இடைவெளியில் வென்றது. அதன்பின் இம்முறை தொழிற்சாலைகளுக்குள் வேகமாகப் பரவிற்று. காக்னெக்ஸ் நிறுவனமும் 2017-இல் இத்துறையில் ஈடுபட்டிருந்த ஒரு சுவிட்சர்லாந்து நிறுவனத்தை வாங்கிற்று.

கற்றல் நிகழும் விதம் இதுவே. நல்ல உருப்படிகளின் படங்களும் பழுதானவற்றின் படங்களும் திரட்டப்படுகின்றன. ஒவ்வொரு படத்துக்கும் நல்லது, கீறல், பிசிறு, துளை என்று பெயர் இடப்படுகிறது. கணினி ஒரு படத்தைக் கண்டு தன் விடையைச் சொல்கிறது. விடை தவறானால், தன் உள்ளிருக்கும் இலட்சக்கணக்கான எண்களைச் சிறிதளவு திருத்திக்கொள்கிறது. பல்லாயிரம் முறை இவ்வாறு நிகழ்ந்தபின், கீறலுக்கும் கடைசல் கோட்டுக்கும் உள்ள வேறுபாடு அவ்வெண்களில் படிகிறது. பயிற்சிக்குக் காட்டாத படங்களைத் தனியே ஒதுக்கிவைத்து, இறுதியில் அவற்றைக் கொண்டு தேர்வு நடத்த வேண்டும். படித்த வினாக்களையே தேர்வில் கேட்டால் மாணவனின் அறிவு வெளிப்படாது என்பதை நாம் அறிவோம்.

இங்கே ஓர் இடர் உண்டு. நன்கு நடக்கும் பட்டறையில் பழுதான உருப்படிகள் மிகக் குறைவு. பயிற்சிக்குப் போதிய பழுதுகள் கிடைப்பதில்லை. அதற்கும் வழி கண்டுள்ளனர். வங்கியில் புதிதாகச் சேரும் காசாளர், கள்ள நோட்டுகளை மட்டும் பார்த்துப் பழகுவதில்லை. நாள்தோறும் ஆயிரக்கணக்கான நல்ல நோட்டுகளை எண்ணிப் பழகிய விரல், மாறுபட்ட தாளைத் தொட்டவுடன் தயங்குகிறது. அவ்வாறே, நல்ல உருப்படிகளின் படங்களை மட்டும் காட்டிப் பயிற்றி, அவற்றிலிருந்து விலகும் எதனையும் சுட்டிக்காட்டச் செய்யும் முறை இன்று வழக்கில் உள்ளது. இம்முறையைச் சோதிப்பதற்கென்றே, ஜெர்மனியின் மியூனிக் நகரைச் சேர்ந்த எம்விடெக் நிறுவனம் 2019-இல் 15 வகைப் பொருள்களின் 5,354 படங்களைக் கொண்ட தொகுப்பை வெளியிட்டது. அதன் பயிற்சிப் படங்கள் அனைத்தும் பழுதற்றவை.

ஒளியும் கேமராவும்

மென்பொருளைக் காட்டிலும் முதலில் கவனிக்க வேண்டியது ஒளியே. படத்தில் பதியாத கீறலை எந்த அறிவும் கண்டறியாது. பரப்பின்மீது சாய்வாக ஒளியைப் பாய்ச்சினால் கீறல் தெளிவாகத் துலங்கும்; பொருளின் பின்புறமிருந்து ஒளியூட்டினால் விளிம்பும் துளையும் தெளிவுறும்.

அடுத்தது அளவு. கேமரா நோக்கும் பரப்பின் அகலம் 100 மில்லிமீட்டர் என்றும், படத்தின் அகலம் 2,000 படப்புள்ளிகள் என்றும் கொள்வோம். ஒரு புள்ளி 0.05 மில்லிமீட்டரைக் குறிக்கும். 0.2 மில்லிமீட்டர் அகலமுள்ள பழுது 4 புள்ளிகளில் பதியும், அது கண்டறியப்படலாம். 0.05 மில்லிமீட்டர் பழுது ஒரே புள்ளியில் அடங்கி, தூசியோடு தூசியாக மறைந்துவிடும்.

மூன்றாவது வேகம். பட்டை நொடிக்கு அரை மீட்டர் நகர்கிறது எனில், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் படமெடுத்தாலும் பொருள் அதற்குள் 0.5 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும், படம் மங்கும். பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரமே எடுத்தால்தான் மங்கல் ஒரு புள்ளிக்குள் அடங்கும். அவ்வளவு குறுகிய நேரத்துக்கு மிகுந்த ஒளி தேவை. விலைப்பட்டியலில் ஒளியமைப்பின் செலவை விடுத்துக் கேமராவை மட்டும் ஒப்பிடுவோர் ஏமாற்றம் அடைவதற்கு இதுவே காரணம்.

துல்லியம் என்னும் மயக்கம்

விற்பனையாளர் 99 சதவீதத் துல்லியம் என்று கூறுவதுண்டு. வணிகவியல் பயின்றோர் இங்கே நின்று கணக்கிட வேண்டும். நாள்தோறும் 10,000 புஷ்கள் கடையும் ஓர் அலகைக் கற்பனை செய்வோம். அவற்றில் 1 சதவீதம், அதாவது 100 உருப்படிகள் பழுதானவை. எதையும் பார்க்காமலே எல்லாவற்றையும் நல்லது என்று சொல்லும் கருவியும் இங்கே 99 சதவீதத் துல்லியம் பெற்றுவிடும்! ஒரு பழுதைக்கூட அது பிடிக்கவில்லை.

ஆதலால் இரண்டு எண்களைத் தனித்தனியே கேட்க வேண்டும். பழுதானவற்றுள் எத்தனை சதவீதம் பிடிபடுகின்றன என்பது ஒன்று. நல்லவற்றுள் எத்தனை சதவீதம் தவறாகத் தள்ளப்படுகின்றன என்பது மற்றொன்று.

முதல் அமைப்பில், கருவி பழுதுகளில் 98 சதவீதத்தைப் பிடிக்கிறது. நல்லவற்றில் 3 சதவீதத்தைத் தவறாகத் தள்ளுகிறது என்போம். 98 பழுதுகள் பிடிபடும்; 2 தப்பும். நல்லவை 9,900-இல் 297 தள்ளப்படும். தள்ளுபடிப் பெட்டியில் உள்ள 395 உருப்படிகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றே உண்மையான பழுது. ஒன்றின் விலை ₹12 எனில், அந்த 297 நல்ல உருப்படிகளையும் கழிவாகப் போட்டால் நாளொன்றுக்கு ₹3,564. 25 வேலைநாள்களுக்கு ₹89,100 வீண்.

இரண்டாம் அமைப்பில், கண்டிப்பைச் சற்றுத் தளர்த்துகிறோம். 95 சதவீதம் பிடிபடுகிறது. தவறான தள்ளுபடி 0.5 சதவீதமாகக் குறைகிறது. தள்ளப்படும் நல்லவை ஏறத்தாழ 50 மட்டுமே. ஆனால் தப்பும் பழுதுகள் 5. பெரிய நிறுவனங்கள் பழுதைப் பத்து இலட்சத்துக்கு எத்தனை என்று கணக்கிடுகின்றன. முதல் அமைப்பில் அது ஏறத்தாழ 200. இரண்டாவதில் ஏறத்தாழ 500. வாங்குவோரின் ஒப்பந்தம் 300-ஐ எல்லையாகக் கொண்டிருப்பின், சிக்கனமாகத் தோன்றும் இரண்டாம் அமைப்பே ஒப்பந்தத்தைப் பறித்துவிடும்.

அப்படியாயின் முதல் அமைப்பின் ₹89,100 இழப்பைத் தவிர்ப்பது எவ்வாறு? கருவி தள்ளிய 395-ஐ மட்டும் மனிதக் கண்ணால் மீண்டும் பார்ப்பதே வழி. 10,000-ஐப் பார்த்துச் சோர்ந்த கண்ணுக்கு 395 மட்டும் எஞ்சுகிறது. கண்டிப்பை எங்கே நிறுத்துவது என்பது பொறியாளர் தனித்து முடிவு செய்வதன்று. அது முதலாளியின் வணிக முடிவு.

கற்பிப்போர் யார்?

தர ஆய்வு மேசைகளில் அமர்ந்திருப்போரின் வாழ்வாதாரமும் இதில் அடங்கியுள்ளது. கருவி வந்தவுடன் அவர்களை விலக்கிவிடலாம் என்று எண்ணுவோர், கருவிக்கு ஆசிரியர் யார் என்பதை மறந்துவிடுகின்றனர். எந்தக் கீறல் ஏற்கத்தக்கது, எது தகாதது என்பதை அறிந்தவர்கள் அவர்களே. படங்களுக்குப் பெயரிடும் பணி அவர்களிடமே விடப்பட வேண்டும்.

அதற்கு முன் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். 100 உருப்படிகளை இரண்டு ஆய்வாளர்களிடம் தனித்தனியே கொடுத்து, நல்லவை, பழுதானவை எனப் பிரிக்கச் சொல்லுங்கள். அவர்களின் முடிவுகள் 15 இடங்களில் மாறுபட்டால், இயந்திரமும் அந்தக் குழப்பத்தையே கற்றுக்கொள்ளும். வாங்கும் நிறுவனத்தோடு அமர்ந்து, ஏற்கத்தக்க எல்லைக்கு மாதிரி உருப்படிகளைத் தேர்ந்து, இரு தரப்பும் ஒப்பமிட்டு வைத்துக்கொள்வது நலம்.

கற்பித்தல் ஒருமுறையோடு முடிவதும் இல்லை. மூலப்பொருள் வேறிடத்திலிருந்து வந்தால் நிறம் மாறும். வெட்டுக்கருவி தேய்ந்தால் பரப்பு மாறும். லென்சில் தூசி படியும். பழைய பாடத்தைக் கற்ற கருவி புதிய பொருளைத் தவறாகத் தீர்ப்பிடும். நாளின் முடிவில் காசாளர் இருப்பைச் சரிபார்ப்பதுபோல், ஒவ்வொரு பணிமுறையின் தொடக்கத்திலும் பழுது என்று உறுதியாக அறிந்த சில உருப்படிகளைக் கருவிக்குள் செலுத்தி, அவை அனைத்தும் பிடிபடுகின்றனவா என்று பார்த்துப் பதிவேட்டில் குறிக்க வேண்டும்.

பழுதைக் கண்டவுடன் நின்று காரணத்தைத் தேடுவது இன்னும் உயர்ந்த நிலை. ஜப்பானில் சக்கிச்சி டொயோடா உருவாக்கி 1924-இல் நிறைவுசெய்த தானியங்கித் தறி, நூல் அறுந்தவுடன் தானே நின்றுவிடும். பழுதான துணி நெய்யப்படுவதே அதனால் தடுக்கப்பட்டது. கருவி ஒரே மணியில் பத்துப் பிசிறுகளைக் காட்டினால், தள்ளுபடிப் பெட்டியை நிரப்பிக்கொண்டிராமல் லேத்தின் வெட்டுக்கருவியை மாற்றுவதே அறிவுடைமை.

கடன் கேட்குமுன் ஒரு கணக்கு

கருவியின் மொத்தச் செலவு ₹12 இலட்சம் என்று கொள்வோம். திரும்பிவரும் சரக்கால் நேரும் இழப்பில் மாதம் ₹45,000-உம், மறு ஆய்வுக் கூடுதல் கூலியில் ₹20,000-உம் மிச்சமாகும் என எதிர்பார்க்கிறோம். பராமரிப்பு, மறுபயிற்சி, மின்சாரம் ஆகியவற்றுக்கு ₹15,000 செல்லும். நிகரச் சேமிப்பு ₹50,000. வட்டி நீங்கலாக 24 மாதங்களில் முதலீடு திரும்பும். 10 சதவீத வட்டியில் முழுத் தொகையையும் 60 மாதக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ ₹25,500, தாராளமாகச் செலுத்தலாம்.

இனி ஆர்டர் பாதியாகக் குறைகிறது என்போம். சேமிப்பும் பாதியாகி ₹32,500 ஆகும். ஆனால் பராமரிப்புச் செலவு குறைவதில்லை. நிகரச் சேமிப்பு ₹17,500 மட்டுமே. தவணைக்கு மாதம் ஏறத்தாழ ₹8,000 குறைகிறது. முதலீடு திரும்ப 24 மாதத்துக்கு மாறாக ஏறத்தாழ 69 மாதங்கள் ஆகும். ஆர்டர் பாதியானால் காலம் இரு மடங்காகும் என்று எண்ணுவோர், நிலைச்செலவை மறந்தவர்கள். ஆகவே, ஆர்டர் குறைந்த மாதத்தின் கணக்கையும் விண்ணப்பத்தோடு எழுதிப் பார்ப்பது நன்று. கடன் தரும் வங்கியும் அதனையே முதலில் நோக்கும்.

விற்பனையாளரிடம் கேட்க வேண்டியவை இவை. நம் உருப்படிகளையே கொண்டு, நம் பட்டறையின் ஒளியிலும் புழுதியிலும் சோதனை நடத்திக் காட்டுவாரா? பிடிபடும் விகிதம், தவறான தள்ளுபடி விகிதம் இரண்டையும் எழுத்தில் தருவாரா? புதிய உருப்படி வகைக்கு மறுபயிற்சியை நம் பணியாளரே செய்ய இயலுமா, ஒவ்வொரு முறையும் கட்டணமா? எடுத்த படங்கள் யாருடைய உடைமை? கருவி நின்றுவிட்டால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார்?

வழிகாட்டும் நிறுவனங்கள் தொலைவில் இல்லை. தும்கூர் சாலையில் 1962 முதல் இயங்கும் மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனமும், இந்திய அறிவியல் கழகமும் நடுவணரசின் சமர்த் உத்யோக் திட்டத்தின்கீழ் நவீன உற்பத்தி முறைகளுக்கான மையங்களை நடத்துகின்றன. பெங்களூரில் குவாலிடாஸ், ஸ்விட்ச்ஆன், சென்னையில் ஜிடோகா முதலிய நிறுவனங்கள் இத்தகைய கருவிகளை உருவாக்குகின்றன. இவை அறிமுகமே அன்றிப் பரிந்துரை அல்ல. ஜிடோகா என்னும் பெயரே, மேலே கூறிய தறியின் தத்துவத்தைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லாகும்.

பிணையமின்றிக் கடன் பெற விரும்பும் குறு, சிறு தொழில்களுக்கு, 2000-இல் தொடங்கப்பட்ட கடன் உத்தரவாத அறக்கட்டளையின் காப்பு உண்டு. அதன் உச்சவரம்பு 2025 ஏப்ரல் முதல் ₹10 கோடி. பழுதின்மையை இலக்காகக் கொண்ட செட் சான்றிதழுக்கான கட்டணத்தில் குறுந்தொழிலுக்கு 80 சதவீதமும், சிறுதொழிலுக்கு 60 சதவீதமும், நடுத்தரத் தொழிலுக்கு 50 சதவீதமும் மானியம் வழங்கத் திட்டம் வகுத்துள்ளது அரசு. விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறையில் உள்ள விதிகளைக் கிளையில் கேட்டறிந்துகொள்ளுதல் வேண்டும்.

கருவி வாங்கும் எண்ணம் இப்போது இல்லாதவரும் ஒரு செயலை நாளையே தொடங்கலாம். தள்ளப்படும் ஒவ்வோர் உருப்படியையும், நாள், பழுதின் வகை, காரணம் ஆகியவற்றுடன் ஒரு பதிவேட்டில் மூன்று மாதங்கள் எழுதிவருதல் வேண்டும். பழுதுகளில் பெரும்பகுதி ஒரே காரணத்தால் விளைவதாக அப்பதிவேடு காட்டினால், அதனைத் திருத்துவதற்குக் கருவியும் வேண்டா, கடனும் வேண்டா. அவ்வாறன்றிப் பழுதுகள் பல வகையாகச் சிதறிக் கிடந்தால், அப்பதிவேடே இயந்திரக் கண்ணுக்கு முதல் பாடநூலாகவும், கடன் விண்ணப்பத்துக்கு உறுதியான சான்றாகவும் அமையும்.